நீதிமொழிகள் 11:2 – தாழ்மையும் ஞானமும்: ஆறு வாரப் பாடமாக எடுப்பது எப்படி?

வாலிபர்_பாடம்:

தோத்திரம். வாலிபர் வகுப்புக்கு ஆறு வாரப் பாடம் ஒன்று தயாராகிறது. மூல வசனம் நீதிமொழிகள் 11:2. "அகந்தை வந்தால் இலச்சையும் வரும், தாழ்ந்த சிந்தையுள்ளவர்களிடத்தில் ஞானம் உண்டு." வகுப்பில் பத்துப் பேர், வாரம் ஒரு மணி நேரம்.

மூன்று இடத்தில் முட்டுகிறது. முதலாவது, கன்கார்டன்ஸில் (எந்தச் சொல் எந்த வசனத்தில் வருகிறது என்று காட்டும் அகராதி) "தாழ்மை" என்று தேடி எடுத்த வசனங்களை வரிசையாக வைத்தால் கோர்வையாக ஒன்றும் வரவில்லை. இரண்டாவது, 22:4 தாழ்மைக்கு ஐசுவரியம் பலன் என்கிறது. இதை அப்படியே சொல்லிக்கொடுக்கலாமா? மூன்றாவதுதான் பெரிது. "தாழ்மை என்றால் வாயைத் திறக்காமல் இருப்பது" என்று பிள்ளைகள் முதலிலேயே முடிவுகட்டிவிடுகிறார்கள். அப்படியானால் ஞானத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? தெரிந்தவர்கள் வழி காட்டுங்கள்.

எழுத்தாணி:

முதல் சிக்கலுக்குக் காரணம் கன்கார்டன்ஸ்தான். நம் பழைய மொழிபெயர்ப்பில் ஒரே மாதிரி தெரிகிற சொற்களுக்குப் பின்னால் எபிரெயத்தில் வெவ்வேறு சொற்கள் இருக்கின்றன.

நீதிமொழிகளில் 15:33, 18:12, 22:4 ஆகிய மூன்று இடங்களில் மட்டும் 'அனவா' என்ற பெயர்ச்சொல் வருகிறது. 15:33-இன் பின்பாதியும் 18:12-இன் பின்பாதியும் எழுத்துக்கு எழுத்து ஒன்றே, தமிழிலும் அப்படியே: "மேன்மைக்கு முன்னானது தாழ்மை." 16:19, 29:23 இரண்டிலும் வருவது 'ஷெபல் ரூவாஹ்', ஆவியில் தாழ்ந்தவன். நீங்கள் எடுத்திருக்கும் 11:2-இல் இவை எதுவும் இல்லை. அங்கே 'செனுயீம்' என்ற அரிய சொல். அதே வேர் வேதாகமத்தில் இன்னும் ஒரே இடத்தில்தான் வருகிறது: மீகா 6:8, "உன் தேவனுக்கு முன்பாக மனத்தாழ்மையாய் நடப்பதை". அடக்கம், தன் அளவு அறிந்து நடப்பது என்ற பக்கமாகச் சாயும் சொல் அது. கத்தோலிக்கத் திருவிவிலியத்தில் இந்த இடத்தில் 'தன்னடக்கம்' என்று வருவது இதனால்தான்.

ஆகவே "தாழ்மை" என்ற சொல்லைத் தேடாதீர்கள், வசனத்தின் அச்சைத் தேடுங்கள். 11:2-ஐயும் 13:10-ஐயும் மேலும் கீழுமாக எழுதிப் பாருங்கள்.

"அகந்தை வந்தால் இலச்சையும் வரும், தாழ்ந்த சிந்தையுள்ளவர்களிடத்தில் ஞானம் உண்டு."

"அகந்தையினால் மாத்திரம் வாது பிறக்கும், ஆலோசனையைக் கேட்கிறவர்களிடத்திலோ ஞானம் உண்டு."

இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவை. எபிரெயத்தில் முன்பாதியில் அதே 'சாதோன்' (அகந்தை). பின்பாதி மூன்றே சொல்: "இன்னாரோடு ஞானம்". நடுச்சொல் மட்டும் மாறுகிறது. முதலாவதில் தாழ்ந்தவர்கள் இருக்கும் இடத்தில் இரண்டாவதில் ஆலோசனை கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். தாழ்ந்த சிந்தை என்றால் என்ன என்று நீதிமொழிகளே தன் வாயால் சொல்லும் இடம் இது. உங்கள் மூன்றாவது கேள்விக்கும் பதில் இங்கேயே கிடைத்துவிடுகிறது. ஆலோசனை கேட்கிறவன் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது.

இன்னொன்று. 'சாதோன்' என்பதன் வேர் பொங்குதல், கொதித்தல். ஆதியாகமம் 25:29-இல் யாக்கோபு கூழ் சமைத்தான் என்று சொல்ல வரும் வினையும் அதுதான். பானை பொங்கும்போது உள்ளே எதையும் ஊற்ற முடியாது. பிள்ளைகளுக்கு இந்தப் படம் போதும், அகந்தைக்குத் தனி விளக்கம் தேவைப்படாது.

ஒலிவக்கன்று:

எழுத்தாணி அண்ணன் சொன்னதோடு வாசிக்கும் முறையையும் சேர்த்துச் சொல்கிறேன், பாதிக் குழப்பம் அங்கேதான்.

31 அதிகாரம், 31 நாள், தினம் ஒன்று என்று பல சபைகளில் அட்டவணை கொடுக்கிறார்கள். 1 முதல் 9 வரை இது சரியாக ஓடும். அவை நீண்ட கவிதைகள், தகப்பன் மகனுக்குச் சொல்லும் பேச்சு. 10:1-இல் தொடங்கிப் பெரும்பாலும் தனித்தனி ஈரடி. தினம் முப்பது ஈரடி என்று வாசித்தால் மூன்றாம் நாளுக்குமேல் ஒன்றும் மனதில் நிற்காது. திருக்குறளை ஒரே நாளில் மூன்று அதிகாரம் ஓட்டிப் பாருங்கள், அதே கதிதான்.

10:1 முதல் 22:16 வரை உள்ள தொகுப்பில் 375 வசனங்கள். (சாலொமோன் பெயரின் எபிரெய எழுத்துகளைக் கூட்டினாலும் 300, 30, 40, 5 என்று 375 வரும். தொகுத்தவர்கள் எண்ணித்தான் அடுக்கியிருக்க வேண்டும் என்று சிலர் கருதுகிறார்கள்.) நாளுக்கு ஐந்து வசனம் வைத்தால் 75 நாள். ஐந்தில் ஒன்றை நோட்டில் எழுதி, கீழே இரண்டு வரி: இது யாரிடம் பேசுகிறது, இதற்கு எதிர்மாறாக நடப்பது எப்படி இருக்கும். அவ்வளவு போதும்.

22:4-க்கு வருவோம். நீதிமொழி ஒன்று உலகம் பொதுவாக எப்படி நடக்கிறது என்று சொல்கிறது. கையெழுத்துப் போட்ட உடன்படிக்கை அல்ல. இதற்கு வெளியே போய் ஆதாரம் தேட வேண்டாம், அதே புத்தகத்தில் 16:19 இருக்கிறது: "அகங்காரிகளோடே கொள்ளைப்பொருளைப் பங்கிடுவதைப்பார்க்கிலும், சிறுமையானவர்களோடே மனத்தாழ்மையாயிருப்பது நலம்." இங்கே பணம் அகங்காரி பக்கம் இருக்கிறது, தாழ்மை ஏழை பக்கம் இருக்கிறது. 22:4-ஐ எடுக்கும் அன்று 16:19-ஐயும் சேர்த்தே எடுங்கள். ஒன்றை மட்டும் எடுத்தால் "தாழ்மையாக இருந்தால் வீடு கார் வரும்" என்று ஆகிவிடும். வேலை கிடைக்காத பிள்ளை ஒருவன் வகுப்பில் இருந்தால், தன் தாழ்மையில்தான் குறை என்று எண்ணிக்கொண்டு வீட்டுக்குப் போவான். அது அவனுக்குச் செய்கிற அநியாயம்.

மறைக்கல்வி:

கத்தோலிக்கப் பக்கத்திலிருந்து ஒரு கருவி தருகிறேன், பயன்பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் 'தாழ்ச்சி' என்போம்.

6ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் துறவியருக்கு எழுதிய ஒழுங்கில் 73 அதிகாரங்கள். அதில் 7ஆம் அதிகாரம் முழுக்கத் தாழ்ச்சியைப் பற்றியது. யாக்கோபு கனவில் கண்ட ஏணியை எடுத்து அதற்குப் பன்னிரண்டு படி வைக்கிறார். ஏணியின் இரண்டு மரமும் நம் உடலும் ஆன்மாவும் என்கிறார். முதல் படி இறையச்சம். கடவுள் பார்க்கிறார் என்பதை மறக்காமல் இருப்பது. அதன்பின் தன் விருப்பத்தைப் பிடித்துத் தொங்காமை, கீழ்ப்படிதல், கடினமான நேரத்தில் பொறுமை, உள்ளத்தில் எழும் தீய எண்ணங்களை மறைக்காமல் தலைவரிடம் சொல்லுதல் என்று ஏறி, ஒன்பதிலிருந்து பேச்சு, சிரிப்பு, குரல் என்று வெளியே வருகிறது. பன்னிரண்டாவதில்தான் உடல், நடை, குனிந்த தலை. இந்த வரிசை முக்கியம். தாழ்ச்சி உள்ளே தொடங்கி வெளியே வருகிறது. நம்மிடம் பெரும்பாலும் தலைகீழாக நடக்கிறது. பவ்யமாக நிற்கவும் மெதுவாகப் பேசவும் முதலில் சொல்லிக்கொடுக்கிறோம், முதல் படியை விட்டுவிடுகிறோம். தோரணை வந்துவிடும், தாழ்ச்சி வராது.

இதே ஒழுங்கின் 3ஆம் அதிகாரம் உங்கள் வகுப்புக்கு நேராகப் பொருந்தும். மடத்தில் பெரிய காரியம் ஏதாவது வந்தால் தலைவர் எல்லாரையும் கூட்டி, விஷயத்தைத் தாமே எடுத்துச் சொல்லி, எல்லாருடைய ஆலோசனையையும் கேட்ட பிறகே முடிவு செய்ய வேண்டும். ஏன் எல்லாரையும்? மேலானதை ஆண்டவர் பல நேரம் இளையவருக்கே வெளிப்படுத்துகிறார் என்று காரணமும் எழுதி வைத்திருக்கிறார். 61ஆம் அதிகாரம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. வெளியூர்த் துறவி விருந்தாளியாக வந்து, அன்போடும் பணிவோடும் ஏதாவது குறை சொன்னால், ஆண்டவர் அவரை இதற்காகவே அனுப்பியிருக்கலாம் என்று தலைவர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அதிகாரம் உள்ளவன் முதலில் கேட்க வேண்டும் என்பது இதன் அடிநாதம். நம் கூட்டங்களில் 'தாழ்ச்சி' என்ற சொல் பெரும்பாலும் கீழே இருப்பவனிடம் கேட்கும் பொருளாகவே இருக்கிறது. அது எனக்கு மிகவும் வருத்தம்.

பெரேயா:

சகோதரர் சொன்ன பன்னிரண்டு படியில் ஏழாவது எனக்கு ஒத்துவரவில்லை. தான் எல்லாரிலும் கீழானவன் என்று நாவால் சொன்னால் போதாது, உள்ளத்தால் நம்ப வேண்டும் என்கிறது அது. ரோமர் 12:3 என்ன சொல்கிறது? எண்ணவேண்டியதற்கு மிஞ்சி எண்ணாமல், "தெளிந்த எண்ணமுள்ளவனாய்" எண்ண வேண்டும். கிரேக்கத்தில் 'எண்ணுதல்' என்ற ஒரே வேரை அந்த ஒரே வசனத்தில் நான்கு முறை திருப்பித் திருப்பி வைத்து எழுதியிருக்கிறார் பவுல். மிஞ்சியும் வேண்டாம், குறைத்தும் வேண்டாம், உள்ளபடி. நன்றாகப் பாடத் தெரிந்த பிள்ளை "எனக்குப் பாடவே தெரியாது" என்றால் அது பொய். பொய்யின்மேல் ஞானத்தைக் கட்ட முடியாது.

நம் சாட்சிக் கூட்டங்களில் "நான் ஒன்றுக்கும் உதவாத புழு" என்று தொடங்குவது வழக்கமாகவே ஆகிவிட்டது. அதைச் சொல்லி முடித்துவிட்டு ஒருவர் தம் தவறைச் சுட்டிக்காட்டினால் முகம் மாறுகிறது. கொலோசெயர் 2:23 "மாயமான தாழ்மை" என்று பேர் வைத்து, அது "ஞானமென்கிற பேர்" கொண்டிருக்கும் என்றும் எச்சரிக்கிறது. தாழ்மையும் ஞானமும் இரண்டுமே போலியாக ஒரே இடத்தில் வரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான வசனம் இல்லை. பாடத்தில் இது கட்டாயம் வேண்டும்.

மறைக்கல்வி:

பெரேயா கேட்டது பழைய கேள்வி. 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் பெனடிக்டின் இந்தப் படிகளையே எடுத்துவைத்து, ஏழாவது படி பொய்யாகாதா என்று கேட்டுக்கொள்கிறார். அவர் பதில் இது. ஒவ்வொருவரிடமும் இரண்டு உண்டு: கடவுள் தந்தது, அவனாகச் செய்துகொண்டது. என்னிடம் உள்ள கடவுளின் கொடையை மற்றவனுடைய கொடையைவிடக் கீழாக எண்ண வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் என் குறைகள் எனக்கு உள்ளிருந்து தெரியும். மற்றவனிடம் மறைந்திருக்கும் கொடைகள் எனக்குத் தெரியாது. இந்த இரண்டையும் வைத்துப் பார்த்தால் பொய் சொல்லாமலே ஒருவன் தன்னைக் கீழே வைக்க முடியும்.

ஆகவே பாடத் தெரிந்த பிள்ளை "தெரியாது" என்று சொல்ல வேண்டாம். "கடவுள் தந்தது, இன்னும் தாளம் தவறுகிறது" என்று சொன்னால் உண்மையும் ஆயிற்று, தாழ்ச்சியும் ஆயிற்று. ரோமர் 12:3-ஐ முன்னால் வைத்து இதைப் பின்னால் வைத்தால் இரண்டும் மோதாது. சாட்சிக் கூட்டம் பற்றி நீங்கள் சொன்னதை முழுமையாக ஒப்புக்கொள்கிறேன்.

அக்கினி_நாவு:

பிரதர்ஸ், எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனால் எபிரெயம், பெனடிக்ட், அக்குவினாஸ் என்று போய் யாக்கோபு 1:5-ஐ ஒருவரும் தொடவில்லையே. ஞானத்தில் குறைவுள்ளவன் தேவனிடத்தில் கேட்க வேண்டும், கொடுக்கப்படும். அவ்வளவு எளிமை. ஞானம் மேலிருந்து வருவது. அதிகம் படித்தால் 1 கொரிந்தியர் 8:1 சொல்வதுபோல அறிவு இறுமாப்பை உண்டாக்கும். வாலிபர்களை முதலில் முழங்காலில் நிறுத்துங்கள்.

எழுத்தாணி:

நீங்கள் சொல்வது அஸ்திவாரம், அதை ஒருவரும் விட முடியாது. 1:5-இல் இன்னொன்றும் கவனியுங்கள் பிரதர். தேவன் "ஒருவரையும் கடிந்துகொள்ளாதவர்". "இதுகூடத் தெரியாதா" என்று கேட்காதவரிடம் போவதால்தான் தெரியாது என்று ஒப்புக்கொள்ளத் தைரியம் வருகிறது. வகுப்பு நடத்துகிறவரும் அந்தக் குணத்தோடு இருந்தால் பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள்.

ஆனால் ஜெபமா படிப்பா என்று வேதம் பிரிக்கவில்லை. தானியேல் 1:17-இல் தேவன் அந்த நாலு வாலிபருக்கும் அறிவும் சாமர்த்தியமும் கொடுத்தார். அவர்களுக்கு மூன்று வருஷப் பயிற்சி குறித்திருந்ததும் அதே அதிகாரம் 5ஆம் வசனத்தில் இருக்கிறது. 2:17, 18-இல் கனவின் மறைபொருள் தெரிய வேண்டியபோது தானியேல் தோழர்களிடம் சொல்லி அவர்களையும் ஜெபிக்க வைக்கிறான். 9:2-இல் எரேமியாவின் எழுத்தை வாசித்து எழுபது வருஷக் கணக்கை அறிந்துகொள்கிறான். 9:3-இல் உபவாசம் இருந்து ஜெபிக்கிறான். புஸ்தகம் முதலில், முழங்கால் அடுத்தது, இரண்டும் ஒரே மூச்சில்.

சாலொமோன் கிபியோனில் தேவனிடம் கேட்டதையும் பாருங்கள். 1 இராஜாக்கள் 3:7-இல் "போக்கு வரவு அறியாத சிறுபிள்ளை" என்று தன்னைச் சொல்லிக்கொள்கிறான். 9ஆம் வசனத்தில் நம் மொழிபெயர்ப்பு "ஞானமுள்ள இருதயம்" என்கிறது. எபிரெயத்தில் 'லேவ் ஷோமேயா', கேட்கிற இருதயம். ஞானம் வேண்டும் என்பதற்கு அவன் எடுத்த சொல்லே காதோடு சம்பந்தப்பட்டது. அவன் மகன் ரெகொபெயாம் 12ஆம் அதிகாரத்தில் முதியோர் சொன்னதைத் தள்ளினான், பத்துக் கோத்திரம் போயிற்று. முதியோர் சொன்னது என்ன? இன்றைக்கு இந்த ஜனத்துக்குச் சேவகனாகி அவர்களுக்கு நல்வார்த்தை சொல் என்றார்கள். நான்காம் வாரத்துக்கு 3-ஐயும் 12-ஐயும் ஜோடியாக வையுங்கள். தகப்பன் கேட்டதை மகன் கேட்கவில்லை.

அக்கினி_நாவு:

கேட்கிற இருதயம்! இது தெரியாமல் இருந்தது. ஆமென். அப்படியானால் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள், படிப்பு தொடங்கும் முன் யாக்கோபு 1:5-ஐ எல்லாரும் சேர்ந்து சொல்லி ஜெபிக்கட்டும்.

ஒலிவக்கன்று:

சரி அண்ணா, அது முதல் மூன்று நிமிஷம்.

"வாயைத் திறக்காமல் இருப்பது" என்ற பிரச்சினைக்கு ஆட்களைக் காட்டினால்தான் பிள்ளைகளுக்குப் பிடிபடும்.

மோசே. எண்ணாகமம் 12:3 பூமியில் உள்ள சகல மனிதரிலும் மிகுந்த சாந்தகுணமுள்ளவன் என்கிறது. அதே ஆள்தான் பார்வோன் முன்னால் போய் நின்றது. அதே ஆள்தான் யாத்திராகமம் 18-இல் காலை முதல் மாலை வரை தனியாக நியாயம் விசாரித்துக் களைத்தபோது, மீதியான் தேசத்து ஆசாரியனான மாமன் எத்திரோ "நீர் செய்கிற காரியம் நல்லதல்ல" என்று சொன்னதும் அவன் சொன்னபடியெல்லாம் செய்தான். ஆயிரம், நூறு, ஐம்பது, பத்துப் பேருக்குத் தலைவர்கள் ஏற்பட்டார்கள். சீனாயில் தேவன் பேசப்போவது அடுத்த அதிகாரத்தில். அப்படிப்பட்டவன், நிர்வாகத்தில் வெளியாள் சொன்னதை ஏற்றுக்கொள்கிறான்.

அப்பொல்லோ, அப்போஸ்தலர் 18:24 தொடங்கி. அலெக்சந்திரியாக்காரன், சாதுரியவான், வேதாகமங்களில் வல்லவன். ஆனால் யோவானுடைய ஸ்நானம் வரைக்கும்தான் தெரியும். கூடாரம் பண்ணுகிற ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் சபை நடுவில் எழுந்து திருத்தவில்லை, அவனைத் தங்களிடம் அழைத்துக்கொண்டு விவரித்தார்கள். திருத்துகிறவருக்கும் இங்கே பாடம் உண்டு. அவனும் ஏற்றுக்கொண்டான் என்பது 27, 28 வசனங்களில் அவன் அகாயாவில் செய்த ஊழியத்தைப் பார்த்தால் தெரிகிறது.

அநியாயத்தைக் கண்டு பேசாமல் இருப்பதற்குத் தாழ்மை என்ற பேரை ஒருபோதும் கொடுக்காதீர்கள். கலாத்தியர் 2:11-இல் பவுல் பேதுருவை முகமுகமாய் எதிர்த்தார். நீதிமொழிகள் 31:8 "உன் வாயைத் திற" என்றே கட்டளை கொடுக்கிறது, யாருக்காக? ஊமையனுக்காகவும் திக்கற்றவர்களுக்காகவும். யாராவது ஒரு பிள்ளை வீட்டிலோ வேலையிடத்திலோ அடி, மிரட்டல், தொந்தரவு இவற்றில் இருந்தால், 11:2 அந்தப் பிள்ளையிடம் சொல்லும் வசனம் அல்ல. முதல் வாரத்திலேயே இதை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். பிறகு சொல்லலாம் என்று தள்ளினால் அதற்குள் தவறான அர்த்தம் பதிந்துவிடும்.

பெரேயா:

ஒரு சேர்க்கை. கேட்பது என்றால் சொன்னதையெல்லாம் விழுங்குவது அல்ல. அப்போஸ்தலர் 17:11-இல் பெரேயா ஊரார் இரண்டையும் செய்தார்கள்: மனோவாஞ்சையாய் ஏற்றுக்கொண்டார்கள், இப்படித்தானா என்று தினந்தோறும் வேதவாக்கியங்களை ஆராய்ந்தும் பார்த்தார்கள். பவுல் சொன்னதையே ஆராய்ந்ததற்காக அவர்களை நற்குணசாலிகள் என்கிறார் லூக்கா. நீதிமொழிகள் 18:17-உம் அதே திசையில் போகிறது. வழக்கில் முதல் பேசுகிறவன் நீதிமான்போல் காணப்படுவான், அயலான் வந்து பரிசோதிக்கும் வரை. 14:15 "பேதையானவன் எந்த வார்த்தையையும் நம்புவான்" என்கிறது. தாழ்மையான கேட்டல் என்று சொல்லி ஏமாளித்தனத்தை வளர்த்துவிடக் கூடாது.

ஞாயிறு_பலகை:

இப்போது வகுப்பறைக்கு வருவோம். ஒரு மணி நேரத்துக்கு அளவு இப்படி வைத்தால் ஓடும்.

யாக்கோபு 1:5 சேர்ந்து சொல்லி ஜெபம், 3 நிமிஷம். அன்றைய வசனத்தை இரண்டு மொழிபெயர்ப்பில் ஒவ்வொரு முறை சத்தமாக வாசித்தல், 5 நிமிஷம். பிறகு பேச்சில்லாமல் எழுதுவது 10 நிமிஷம்: வசனத்தில் என்ன இருக்கிறது, என்ன புரியவில்லை. "புரியவில்லை" என்ற பத்தி காலியாக இருக்கக் கூடாது என்று சொல்லிவிடுங்கள். ஒரு கேள்வியாவது கட்டாயம். நல்ல மாணவன் என்று பேர் வாங்கியவனுக்குத்தான் இது கஷ்டமாக இருக்கும், அவனுக்குத்தான் இது மருந்தும். பிறகு 25 நிமிஷம் பேச்சு. கடைசி 10 நிமிஷம் நடத்துகிறவர். மீதி 7 நிமிஷம் வாரத்துக்கான ஒரு செயலைக் குறித்துக்கொள்ளவும் ஜெபிக்கவும்.

பேச்சில் வரிசை முக்கியம். வயதில் சின்னவர் முதலில், நடத்துகிறவர் கடைசியில். யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவில், நீதிமன்றத்தைப் பற்றிய சன்ஹெத்ரின் பகுதி 4:2-இலேயே இந்த ஒழுங்கு இருக்கிறது. பண வழக்குகளில் மூத்தவரிடமிருந்து தொடங்கலாம், மரண தண்டனை வழக்குகளில் ஓரத்தில் அமர்ந்திருப்பவரிடமிருந்து, அதாவது இளையவரிடமிருந்து தொடங்க வேண்டும். பெரியவர் பேசிவிட்டால் சின்னவன் மாற்றிச் சொல்ல மாட்டான் என்பது அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. மறைக்கல்வி ஐயா சொன்ன பெனடிக்டின் 3ஆம் அதிகாரமும் இதுவும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன.

எங்கே கெட்டுப்போகும் என்றும் சொல்லிவிடுகிறேன்.

பெருமைக்கு உதாரணம் கேட்டால் எல்லாரும் அடுத்தவரைச் சொல்வார்கள். ஐந்து நிமிஷத்தில் வகுப்பு புறணியாகிவிடும். உதாரணம் வேதத்துக்குள்ளிருந்து மட்டும் என்று விதி வையுங்கள். "நீ எவ்வளவு பெருமைக்காரன் என்று சாட்சி சொல்" என்றும் கேட்காதீர்கள். யார் அதிகம் தன்னைத் தாழ்த்திப் பேசினார் என்று அதிலும் போட்டி வந்துவிடும்.

ஒரே பையன் எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லிக்கொண்டிருப்பான். அவனை அடக்காதீர்கள், வேலையை மாற்றுங்கள். மற்றவர் சொன்னதை அவரே "ஆமாம், அதைத்தான் சொன்னேன்" என்று ஒப்புக்கொள்ளும்படி திருப்பிச் சொல்வது அவன் வேலை. நீதிமொழிகள் 18:13-க்கு அதுதான் செய்முறை: "காரியத்தைக் கேட்குமுன் உத்தரம் சொல்லுகிறவனுக்கு, அது புத்தியீனமும் வெட்கமுமாயிருக்கும்."

நடத்துகிறவருக்குப் பதில் தெரியாத கேள்வி வந்தால் "தெரியாது, அடுத்த வாரம் பார்த்துச் சொல்கிறேன்" என்று சொல்லி, பலகையின் ஓரத்தில் எழுதி, அடுத்த வாரம் உண்மையிலேயே அதில் தொடங்க வேண்டும். ஆறு வாரப் பாடத்தில் பிள்ளைகள் தாழ்மையைக் கண்ணால் பார்ப்பது பெரும்பாலும் இந்த ஒரு இடத்தில்தான். மழுப்பினால் மற்ற ஐம்பது நிமிஷமும் வீண்.

வாலிபர்_பாடம்:

எல்லாருக்கும் மிக்க நன்றி. இதுவரை வந்ததை வைத்து வரிசை:

1ஆம் வாரம் 11:2, 13:10. 2ஆம் வாரம் கடிந்துகொள்ளுதல்: 9:8, 12:1, 15:31. 3ஆம் வாரம் கேட்டல்: 18:13, 18:17, 14:15. 4ஆம் வாரம் சாலொமோனும் ரெகொபெயாமும். 5ஆம் வாரம் யாக்கோபு 3:13-18. 6ஆம் வாரம் பிலிப்பியர் 2:3-8. கொலோசெயர் 2:23-ஐ எங்கே வைப்பது என்று தெரியவில்லை. 22:4-உம் 16:19-உம் எங்கே?

பெரேயா:

கிறிஸ்துவை ஆறாவது வாரம் வரை தள்ளி வைப்பதா? 1 கொரிந்தியர் 1:30-இன்படி நமக்கு ஞானமானவர் அவர். ஐந்து வாரம் நற்குணப் பாடம் நடத்திவிட்டுக் கடைசியில் அவரைச் சேர்த்தால் தாழ்மை நம் முயற்சி என்று ஆகிவிடும். பிலிப்பியர் 2-இல் தொடங்குங்கள்.

எழுத்தாணி:

தொடங்குங்கள், ஆனால் 2:5-உடன். தமிழில் அதற்கு ஒரு வசதி இருக்கிறது. 11:2 "தாழ்ந்த சிந்தை". பிலிப்பியர் 2:5 "கிறிஸ்து இயேசுவிலிருந்த சிந்தையே உங்களிலும் இருக்கக்கடவது". 4:2-இல் எயோதியாளும் சிந்திகேயாளும் கர்த்தருக்குள் ஒரே சிந்தையாயிருக்க வேண்டும். எபிரெயமும் கிரேக்கமும் வேறு வேறு, ஆனாலும் நம் மொழிபெயர்ப்பு மூன்றையும் 'சிந்தை' என்ற ஒரே நூலில் கோர்த்துத் தந்திருக்கிறது. பவுல் 2ஆம் அதிகாரத்தில் இவ்வளவு உயரத்தில் பேசினாலும், சபையில் இரண்டு பெண்கள் ஒத்துப்போகாத பிரச்சினை அதே கடிதத்தில்தான் வருகிறது. கிறிஸ்துவின் தாழ்மை அங்கே போய் இறங்க வேண்டும்.

2:3-இன் 'மனத்தாழ்மை'யும் 2:8-இன் 'தாழ்த்தினார்' என்பதும் கிரேக்கத்திலும் ஒரே வேர், 'தபெய்னோஸ்'. அன்றைய கிரேக்க உலகில் அந்தச் சொல் பெரும்பாலும் அடிமை நிலை, கீழ்நிலை என்ற இழிவான வாசனையோடு வரும். அதையே புகழாக மாற்றியது சிலுவைதான்.

மறைக்கல்வி:

யாக்கோபு 3:17 எடுக்கும் வாரத்தில் ஒரு சொல்லில் நில்லுங்கள். மேலிருந்து வரும் ஞானத்தின் குணங்களில் நம் மொழிபெயர்ப்பு "இணக்கம்" என்கிறது. கிரேக்கத்தில் 'யூபெய்தேஸ்', நியாயம் எடுத்துச் சொன்னால் ஏற்றுக்கொள்ளக் கூடியது. புதிய ஏற்பாட்டில் இந்த ஓரிடத்தில் மட்டுமே வரும் சொல். 13ஆம் வசனம் "ஞானத்திற்குரிய சாந்தம்" என்கிறது. நீதிமொழிகள் 13:10-ஐ யாக்கோபு இந்த ஒரு சொல்லில் அடக்கிவிட்டார்.

சீராக்கின் ஞானம் 3ஆம் அதிகாரமும் இதற்கு அருமையாகப் பொருந்தும். ஆனால் உங்கள் வேதாகமத்தில் அது இல்லை, ஆகவே வற்புறுத்தவில்லை.

ஒலிவக்கன்று:

22:4, 16:19 இரண்டையும் 2ஆம் வாரத்தில் திணிக்காதீர்கள். கடிந்துகொள்ளுதலுக்கே ஒரு மணி நேரம் போதாது. 4ஆம் வாரத்தில் வையுங்கள். ஐசுவரியமும் மகிமையும் சாலொமோன் கேட்காமலே வந்தன, 1 இராஜாக்கள் 3:13. பிறகு 11ஆம் அதிகாரத்தில் அவன் இருதயம் வழுவிப்போனதும் அங்கேயே தெரியும். தாழ்மையோடு தொடங்கியவன் தாழ்மையில் நிலைக்கவில்லை, ஐசுவரியம் அவனைக் காக்கவும் இல்லை. 22:4-ஐ உறுதிமொழியாக எடுக்கக் கூடாது என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டாம்.

ஞாயிறு_பலகை:

கொலோசெயர் 2:23 யாக்கோபு வாரத்தில், 3:15-க்கு அருகில். அங்கே யாக்கோபும் மேலிருந்து வராத ஒரு ஞானத்தைப் பற்றிப் பேசுகிறார். இரண்டையும் பலகையில் இரண்டு பத்தியாக எழுதலாம்.

பிலிப்பியர் 2 முதல் வாரத்துக்கு வந்ததால் மற்றவை ஒவ்வொன்றாகத் தள்ளும். 11:2, 13:10 இரண்டாம் வாரத்துக்குப் போகும், கேட்டலையும் கடிந்துகொள்ளுதலையும் மூன்றாவது வாரத்தில் சேர்க்க வேண்டிவரும். வசனம் ஐந்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்: 9:8, 12:1, 15:31, 18:13, 18:17. 14:15-ஐ வீட்டு வாசிப்பாகக் கொடுத்துவிடலாம். ஆறாவது வாரம் காலியாகும். அன்றைக்குப் புதிய பாடம் வேண்டாம். ஐந்து வாரமும் பலகை ஓரத்தில் எழுதிவைத்து, இன்னும் பதில் கிடைக்காத கேள்விகளை எடுத்து, பத்துப் பேருக்கும் ஒவ்வொன்றாகப் பிரித்துக் கொடுத்து, அவர்களே தேடி வந்து சொல்லட்டும். கேள்விகளை நான்காம் வாரமே கையில் கொடுத்துவிடுங்கள், இரண்டு வாரமாவது தேட நேரம் வேண்டும். ஐந்தாம் வாரம் புதிதாக வரும் கேள்விகளை நடத்துகிறவர் எடுத்துக்கொள்ளட்டும்.